முறுக்குப் போத்தலில் அச்சின் பெயர் எதற்கு? நிக்ஸ் ஃப்ளேக்கில் டெவ் சார்புகளைப் பிரித்து வைப்பது

பினாங்கின் பாயான் லெப்பாஸில் எங்கள் அலுவலகத்தில் ஒரு தம்பி இருக்கிறார். மென்பொருளைக் கட்டி நிறுவ உதவும் நிக்ஸ் என்ற கருவியைப் பழக ஆரம்பித்து மூன்று மாதம்தான் ஆகிறது. போன மாதம் ஒரு நாள், மதியச் சாப்பாடு முடிந்து வந்து உட்கார்ந்ததும் மடிக்கணினியை என் பக்கம் திருப்பினார்.

“அண்ணே, உங்க ‘மாற்றி’யை மட்டும்தான் சேர்த்தேன். இந்த கிட்-ஹுக்ஸ் யாரு? கிட்இக்னோர் எதுக்கு? நிக்ஸ்பேக்கேஜஸ் ஏன் இத்தனை தடவை வருது? நான் இதையெல்லாம் கேட்கவே இல்லையே.”

‘மாற்றி’ நான் எழுதிய சின்னக் கருவி. பழைய திஸ்கி குறியேற்றத்தில் தட்டச்சு செய்த தமிழ்க் கோப்புகளை யூனிகோடுக்கு மாற்றித் தரும். கோயில் மலர், பள்ளி ஆண்டு மலர் என்று அந்தக் காலத்துக் கோப்புகள் இங்கே பலர் வீட்டில் இன்னும் கிடக்கின்றன. இன்றைய கணினியில் திறந்தால் கிறுக்கலாகத் தெரியும். தம்பி ஒரு சங்கத்தின் பழைய மலர்களை இணையத்தில் ஏற்றிக்கொண்டிருந்தார், அதற்காக என் கருவியை எடுத்தார். எடுத்தது ஒன்று, கூடவே வந்தது ஏழு.

அவர் கேட்டது நியாயமான கேள்வி. தவறு என் ஃப்ளேக்கில்தான், அதாவது ‘மாற்றி’யின் நிக்ஸ் திட்டக் கோப்பில்தான் இருந்தது. அன்று அவருக்குச் சொன்ன பதிலை, நிக்ஸுக்குப் புதிதாக வரும் எல்லாருக்கும் பயன்படும்படி கொஞ்சம் விரித்து எழுதுகிறேன். கட்டளைகளையும் பெயர்களையும் தமிழில் ஒலித்துக் காட்டியிருக்கிறேன், தட்டச்சும்போது அவை ஆங்கில எழுத்தில் வரும்.

பிறையில் இருக்கும் என் பெரியம்மா தீபாவளிக்கு முறுக்கு சுட்டு விற்பார். சிவப்பு மூடி போட்ட பிளாஸ்டிக் போத்தல், அதன்மேல் ஒரு சின்ன லேபிள்: அரிசி மாவு, உளுந்து மாவு, வெண்ணெய், ஓமம், உப்பு, எண்ணெய். அவர் அடுப்படிக்குப் போனால் வேறு சாமான்களும் இருக்கும். பித்தளை முறுக்கு அச்சு, மாவு சலிக்கும் சல்லடை, எண்ணெய் வடிக்கும் அரிகரண்டி, எடை பார்க்கும் தராசு. இவை இல்லாமல் முறுக்கு வராது. ஆனாலும் லேபிளில் அச்சின் பெயர் கிடையாது. அந்தப் போத்தலை ஒரு கடைக்காரர் வாங்கித் தன் தீபாவளிப் பலகாரக் கூடையில் வைத்தால், கூடையின் பட்டியலிலும் அச்சு வராது. சாப்பிடுகிறவருக்குத் தேவையானது ஒன்று, சுடுகிறவருக்குத் தேவையானது இன்னொன்று.

நான் என்ன செய்திருந்தேன் என்றால், அச்சையும் சல்லடையையும் லேபிளில் எழுதி வைத்திருந்தேன். அதுவும் போதாதென்று அச்சு செய்த பட்டறை, பட்டறைக்குப் பித்தளை கொடுத்தவர் என்று எல்லாமே அதில் இருந்தன.

ஃப்ளேக், இன்புட், லாக்

ஃப்ளேக் என்பது ஒரு நிக்ஸ் திட்டத்தை எழுதி வைக்கும் முறை. 2021 நவம்பரில் வந்த நிக்ஸ் 2.4 பதிப்பில் சோதனை வசதியாக நுழைந்தது. பெயரளவில் இன்னும் சோதனைதான் என்றாலும் புதிதாக வருபவர்களில் பலர் இதிலிருந்தே தொடங்குகிறார்கள். திட்டத்தின் வேர்க் கோப்புறையில் ஃப்ளேக்.நிக்ஸ் என்று ஒரு கோப்பு இருக்கும். அதில் இரண்டு பகுதிகள் முக்கியம். இன்புட்ஸ் பகுதி, எங்கிருந்து என்ன எடுக்கிறோம் என்று சொல்லும். அவுட்புட்ஸ் பகுதி, இதிலிருந்து என்ன வெளியே கொடுக்கிறோம் என்று சொல்லும். பேக்கேஜ், டெவ் ஷெல் (நிரல் எழுதுகிறவர் வேலை செய்யும் முனையச் சூழல்), செக்ஸ் (சோதனைகள்) எல்லாம் அவுட்புட்டில் வரும்.

நிக்ஸ்பேக்கேஜஸ் என்பது நிக்ஸின் பெரிய பொதித் தொகுப்பு. இன்புட்டில் “நிக்ஸ்பேக்கேஜஸ் வேண்டும்” என்று எழுதினால், சரியாக எந்த கமிட் (கிட்டில் பதிந்த எந்த நிலை), அதன் ஹேஷ் (உள்ளடக்கத்தின் கைரேகை போன்ற குறி) என்ன என்பதை நிக்ஸ் பக்கத்திலேயே ஃப்ளேக்.லாக் என்ற கோப்பில் குறித்துக்கொள்ளும். நாளைக்கு நீங்கள் வேறு கணினியில் திறந்தாலும் அதே கமிட்தான் வரும். நிக்ஸை நம்பலாம் என்று சொல்வதற்கு இந்த லாக் ஒரு பெரிய காரணம்.

இங்கேதான் கவனிக்க வேண்டும். உங்கள் ஃப்ளேக்கை இன்னொருவர் தன் ஃப்ளேக்கின் இன்புட்டாகச் சேர்த்தால், உங்கள் லாக்கில் உள்ள எல்லா இன்புட்களும் அவருடைய லாக்குக்குள் நகலாகிப் போகும். இன்புட்டின் இன்புட், அதன் இன்புட் என்று கடைசிக் கண்ணி வரை போகும். ‘இது பயன்படுத்துகிறவருக்கு, இது எனக்கு மட்டும்’ என்று பிரித்துச் சொல்ல ஃப்ளேக்கில் இடமே இல்லை.

மற்ற மொழிகளில் பழகியவர்களுக்கு இது வியப்பாக இருக்கும். ஜாவாஸ்கிரிப்ட் பக்கம் என்பிஎம்மில் டெவ்டிபென்டன்சிஸ் என்று தனிப் பகுதி உண்டு. உங்கள் பொதியை ஒருவர் தன் திட்டத்தில் சேர்த்தால் அந்தப் பகுதி அவருக்குப் போகாது. ரஸ்ட் மொழியின் பொதிக் கருவியான கார்கோவிலும் இப்படித்தான். ஃப்ளேக்கில் அந்தத் தடுப்புச் சுவரை நாமே கட்டிக்கொள்ள வேண்டும்.

இரண்டு பட்டியல்களைக் குழப்பிக்கொள்ள வேண்டாம்

தம்பிக்கு அடுத்து வந்த பயம், “அப்படின்னா என் சர்வர்ல இந்த ஏழும் போய் உட்கார்ந்திருக்குமா?” என்பது. இல்லை. தொடக்கத்தில் பெரும்பாலோர் குழம்பும் இடம் இது, கொஞ்சம் நின்று பார்ப்போம்.

நிக்ஸில் ‘தேவை’ என்பதற்கு இரண்டு பட்டியல்கள் உண்டு. ஒன்று, கட்டி முடித்த பேக்கேஜ் ஓடுவதற்கு வேண்டியவை. இதற்கு க்ளோஷர் என்று பெயர். இன்னொன்று, ஃப்ளேக்கின் இன்புட்கள். இது லாக்கில் இருக்கிறது.

க்ளோஷரை நிக்ஸ் தானே பார்த்துக்கொள்ளும், அதுவும் மிக அழகாக. கட்டியதையெல்லாம் நிக்ஸ் போட்டு வைக்கும் இடமான நிக்ஸ் ஸ்டோரில் உள்ள ஒவ்வொரு பொருளின் பெயரும் 32 எழுத்து ஹேஷோடு தொடங்கும். ஒரு பேக்கேஜ் கட்டி முடிந்ததும், கட்டுவதற்குக் கொடுத்த பொருள்களின் ஹேஷ்கள் வெளியீட்டுக் கோப்புகளுக்குள் எங்காவது இருக்கின்றனவா என்று நிக்ஸ் துருவித் தேடும். கண்டுபிடித்தால், “ஓடும்போது இதுவும் வேண்டும்” என்று பதியும். இல்லையென்றால் விட்டுவிடும். நிக்ஸை உருவாக்கிய ஈல்கோ டோல்ஸ்ட்ரா 2006இல் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் அளித்த முனைவர் ஆய்வேட்டிலேயே இந்த உத்தி இருக்கிறது. ‘மாற்றி’யைக் கட்ட ரஸ்ட் கம்பைலர் வேண்டும். கட்டி முடிந்த நிரலுக்குள் கம்பைலரின் ஹேஷ் இல்லாவிட்டால் கம்பைலர் சர்வருக்குப் போகாது. நிக்ஸ் பாத்-இன்ஃபோ கட்டளையில் க்ளோஷர் முழுவதையும் அளவோடு பார்க்கலாம். ஏதாவது சந்தேகத்துக்குரியது தெரிந்தால் நிக்ஸ் ஒய்-டிபெண்ட்ஸ் என்று கேளுங்கள், யார் வழியாக உள்ளே வந்தது என்று சங்கிலி பிடித்துக் காட்டும்.

ஆகவே டெவ் ஷெல்லில் எத்தனை கருவி வைத்தாலும் பேக்கேஜ் பெருக்காது. போத்தலுக்குள் முறுக்கு மட்டும்தான் இருக்கிறது. பிரச்சினை லேபிளில், அதாவது லாக்கில்.

லாக்தானே, நூறு வரி கூடினால் என்ன என்று கேட்கலாம். நானும் அப்படித்தான் இருந்தேன். நிக்ஸ் தேவைப்படும்போதுதான் மதிப்பிடும், யாரும் தொடாத இன்புட்டைப் பெரும்பாலும் இறக்கவும் செய்யாது. தம்பியின் வட்டில் அந்த ஏழும் வந்து அடையவில்லை என்பது உண்மைதான்.

செலவு வேறு இடத்தில் வருகிறது. லாக் மாறும்போது அந்த மாற்றத்தை ஒருவர் படித்து ஒப்புதல் கொடுக்க வேண்டும். எங்கள் அலுவலகத்தில் வெளியிலிருந்து வரும் ஒவ்வொன்றுக்கும் காரணம் சொல்லியாக வேண்டும். கமிட் செய்யும்போது ஓடுகிற என் ஹுக் கருவிக்குத் தம்பி ஏன் காரணம் சொல்ல வேண்டும்? இணையம் இல்லாத இடத்துக்கு எடுத்துப் போக நிக்ஸ் ஃப்ளேக் ஆர்க்கைவ் போட்டால், அது தயங்காமல் எல்லா இன்புட்களையும் இறக்கும். அதில் மூன்று நிக்ஸ்பேக்கேஜஸ் இருந்தால் மூன்றும் வரும், ஒவ்வொன்றும் ஆயிரக்கணக்கான கோப்புகள். தம்பி இதைக் காலையில் பட்டர்வொர்த்திலிருந்து வரும் ஃபெரியில், கைப்பேசி இணையத்தில் செய்து பார்த்திருக்கிறார். ஜார்ஜ் டவுன் கரை சேர்ந்தும் முடியவில்லையாம்.

என் ஃப்ளேக்கைத் திறந்து பார்த்தால்

உங்கள் திட்டத்தில் இப்போதே நிக்ஸ் ஃப்ளேக் மெட்டாடேட்டா என்று தட்டிப் பாருங்கள். இன்புட்களை மரமாகக் கிளை பிரித்துக் காட்டும். என்னுடையது இப்படி வந்தது.

முதல் கிளை நிக்ஸ்பேக்கேஜஸ். ரஸ்ட் கம்பைலர் அதிலிருந்துதான் வருகிறது, இது நியாயமான தேவை. அடுத்து ட்ரீஎஃப்எம்டி-நிக்ஸ், நிரல் கோப்புகளை வரிசைப்படுத்தி அழகாக்கும் கருவிக்காக. அதன் கீழே அதற்கென்று ஒரு நிக்ஸ்பேக்கேஜஸ். பிறகு கிட்-ஹுக்ஸ், கமிட் செய்யுமுன் சோதனை ஓட்ட. அதன் கீழே ஃப்ளேக்-கம்பேட், கிட்இக்னோர், மறுபடியும் ஒரு நிக்ஸ்பேக்கேஜஸ். மொத்தம் ஏழு. இதில் ‘மாற்றி’யைக் கட்ட வேண்டியது முதல் ஒன்று மட்டுமே. மற்ற ஆறும் என் அடுப்படிச் சாமான்.

இந்த மூன்று நிக்ஸ்பேக்கேஜஸைக் குறைக்க ஃபாலோஸ் என்று ஒரு வழி இருப்பது பலருக்குத் தெரியும். ட்ரீஎஃப்எம்டி-நிக்ஸிடம் “உனக்கென்று தனியாக வேண்டாம், என்னுடையதையே பயன்படுத்து” என்று ஒரு வரி எழுதிவிடலாம். நல்ல பழக்கம், செய்யுங்கள். ஆனால் அது இரட்டிப்பைத்தான் குறைக்கும். ட்ரீஎஃப்எம்டி-நிக்ஸும் கிட்-ஹுக்ஸும் பட்டியலை விட்டுப் போகாது.

முதலில், இன்புட்டே வேண்டுமா?

பிரிப்பதற்கு முன்னால் இதைக் கேளுங்கள். ரஸ்ட்-அனலைசர், வரிசைப்படுத்தும் கருவிகள், ப்ரீ-கமிட் என்று பெரும்பாலானவை நிக்ஸ்பேக்கேஜஸிலேயே இருக்கின்றன. டெவ் ஷெல்லை வரையறுக்கும் மேக்ஷெல் எழுதும்போது இன்புட்ஸ்ஃப்ரம் என்ற இடத்தில் உங்கள் பேக்கேஜைக் கொடுத்தால், அதைக் கட்ட வேண்டியவை எல்லாம் ஷெல்லுக்குள் வந்துவிடும். கூடுதல் கருவிகளை பேக்கேஜஸ் என்ற பட்டியலில் போடுங்கள். புது இன்புட் ஒன்றுகூட வேண்டாம். சின்னத் திட்டங்களுக்கு இதுவே போதும் என்பது என் கருத்து.

ட்ரீஎஃப்எம்டி-நிக்ஸ் போன்றவை தருவது கருவியை அல்ல, கருவியை நிக்ஸ் மொழியிலேயே அமைக்கும் வசதியை. அந்த வசதி உண்மையிலேயே வேண்டும் என்றால் மட்டும் மேலே படியுங்கள்.

டெவ் என்று ஒரு தனி அறை

எளிய வழி, திட்டத்துக்குள் டெவ் என்று ஒரு கோப்புறை போட்டு, அதற்குள் இன்னொரு ஃப்ளேக்.நிக்ஸ் எழுதுவது. டெவ் கருவிகளின் இன்புட்கள் எல்லாம் அங்கே போகும். அந்தக் கோப்புறைக்கென்று தனி லாக் உருவாகும். வேர் ஃப்ளேக்கில் நிக்ஸ்பேக்கேஜஸ் மட்டும் மிஞ்சும். வேலை செய்ய உட்காரும்போது நிக்ஸ் டெவலப் என்பதோடு டெவ் கோப்புறையின் பாதையையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். கோப்புறைக்கு ஏற்பச் சூழலை மாற்றும் டைரென்வ் கருவி வைத்திருந்தால் அந்தப் பாதையை ஒரு முறை எழுதி வைத்தால் போதும், கோப்புறைக்குள் நுழைந்ததும் தானாகத் திறக்கும். உங்கள் ஃப்ளேக்கை எடுப்பவர் வேரை மட்டும்தான் எடுக்கிறார், டெவ் கோப்புறையின் லாக்கை நிக்ஸ் திரும்பிக்கூடப் பார்க்காது.

இதில் ஒரு குறை இருக்கிறது, நான் அனுபவப்பட்டது. டெவ் ஃப்ளேக்குக்குத் தனி நிக்ஸ்பேக்கேஜஸ் வைத்தேன். வேரை ஒரு நாள் புதுப்பித்தேன், டெவ்வைப் புதுப்பிக்க மறந்தேன். ஷெல்லில் இருந்தது ஒரு ரஸ்ட் பதிப்பு, பேக்கேஜைக் கட்டியது இன்னொன்று. ஷெல்லில் எல்லாச் சோதனையும் தேறியது, நிக்ஸ் பில்ட் உடைந்தது. காரணம் கண்டுபிடிக்க ஒரு மாலை முழுக்கப் போனது. டெவ் ஃப்ளேக் வேர் ஃப்ளேக்கையே ஓர் இன்புட்டாக எடுத்து, அதன் நிக்ஸ்பேக்கேஜஸைப் பின்தொடர்ந்தால் இந்தப் பிளவு வராது. ஆனால் ஒரே ரெப்போவுக்குள் (நிரல் களஞ்சியத்துக்குள்) இருக்கும் இன்னொரு ஃப்ளேக்கை இப்படிப் பாதை சொல்லிக் குறிப்பது பல காலம் தொல்லையாகவே இருந்தது. 2025 ஜனவரியில் வந்த நிக்ஸ் 2.26இல்தான் ஒழுங்கானது. பழைய பதிப்பு வைத்திருப்பவர்கள் இதை மனதில் வையுங்கள்.

ஃப்ளேக்-பார்ட்ஸ் தரும் பார்ட்டிஷன்ஸ்

நான் இப்போது பயன்படுத்துவது இந்த வழி. ஃப்ளேக்-பார்ட்ஸ் என்பது அவுட்புட்ஸ் பகுதியைச் சின்னச் சின்ன மாட்யூல்களாகப் பிரித்து எழுத உதவும் ஒரு நூலகம். அதில் பார்ட்டிஷன்ஸ் என்று ஒரு மாட்யூல் வருகிறது. அது செய்வது, அவுட்புட்களில் சிலவற்றை மட்டும் தடுப்பு போட்டுத் தனி அறையில் வைப்பது.

மூன்று விஷயங்களைச் சொல்ல வேண்டும். எந்தெந்த அவுட்புட்கள் தனி அறைக்குப் போகின்றன என்பது முதலாவது. நான் டெவ்ஷெல்ஸ், செக்ஸ், ஃபார்மேட்டர் மூன்றையும் ‘டெவ்’ என்ற அறைக்கு அனுப்பியிருக்கிறேன். அந்த அறைக்கான கூடுதல் இன்புட்கள் எங்கே இருக்கின்றன என்பது இரண்டாவது. எக்ஸ்ட்ரா-இன்புட்ஸ்-ஃப்ளேக் என்ற இடத்தில் டெவ் கோப்புறையைக் காட்ட வேண்டும். அங்கே இருக்கும் ஃப்ளேக்.நிக்ஸில் இன்புட்கள் மட்டும் இருந்தால் போதும், அவுட்புட்ஸ் வெறும் வெற்று அடைப்பு. அறைக்குள் என்ன நடக்கிறது என்று சொல்லும் மாட்யூல் மூன்றாவது. ட்ரீஎஃப்எம்டி அமைப்பு, ஹுக் அமைப்பு, ஷெல் எல்லாம் அதில்தான்.

வேலை செய்கிறவருக்கு எதுவும் மாறாது. வேரில் நின்று நிக்ஸ் டெவலப் என்றால் ஷெல் வழக்கம்போல் திறக்கும். அப்போது மட்டும் டெவ் அறையின் லாக் படிக்கப்படும், அதன் இன்புட்கள் இறக்கப்படும். வெறும் பேக்கேஜை மட்டும் கேட்பவருக்கு அந்தக் கதவு திறக்கவே திறக்காது. அறைக்குள் வேரின் இன்புட்களும் கிடைக்கும் என்பதால், ஷெல்லும் பேக்கேஜும் ஒரே நிக்ஸ்பேக்கேஜஸிலிருந்து கம்பைலரை எடுக்கும். ஒரு மாலையைத் தின்ற அந்தப் பிளவுக்கு இங்கே இடமில்லை. இதற்காகவே நான் இந்தப் பக்கம் வந்தேன்.

விலை என்னவென்றால், ஃப்ளேக்-பார்ட்ஸ் என்ற ஓர் இன்புட் வேரில் கூடும். அது நிக்ஸ்பேக்கேஜஸ்-லிப் என்று ஒன்றைக் கேட்கும், அதை ஃபாலோஸ் போட்டு உங்கள் நிக்ஸ்பேக்கேஜஸுக்கே திருப்பிவிடலாம். ஏற்கெனவே ஃப்ளேக்-பார்ட்ஸ் வைத்திருப்பவர்களுக்கு இந்த விலையும் இல்லை.

என்பின்ஸ் என்ற வேறொரு பூட்டுக் கருவி கொண்டு டெவ் கருவிகளை ஃப்ளேக்குக்கு வெளியே தனியாகப் பூட்டி வைப்பவர்களும் இருக்கிறார்கள். நன்றாகவே வேலை செய்யும். ஆனால் புதிதாகப் படிப்பவர் இரண்டு பூட்டு முறைகளைப் பழக வேண்டியிருக்கும்.

எது டெவ், எது இல்லை

இதில்தான் யோசனை வேண்டும், கட்டளை தெரிந்தால் மட்டும் போதாது. ரஸ்ட்-ஓவர்லே என்ற இன்புட்டை எடுத்துக்கொள்ளுங்கள், விதவிதமான ரஸ்ட் பதிப்புகளைத் தருவது. உங்கள் நிரலை நைட்லி (தினமும் வரும் சோதனைப் பதிப்பு) கம்பைலரில்தான் கட்ட முடியும் என்றால் அது மாவு, லேபிளில் இருக்க வேண்டும். ஷெல்லில் மட்டும் புதுப் பதிப்பைச் சோதிக்க வைத்திருக்கிறீர்கள் என்றால் அது அச்சு, டெவ் அறைக்குப் போகட்டும். ஒரே இன்புட், இரண்டு திட்டத்தில் இரண்டு இடம்.

சோதனைகளும் அப்படித்தான். பேக்கேஜைக் கட்டும்போதே ஓடுகிற சோதனைக்கு வேண்டியதை வேரிலிருந்து எடுக்க முடியாது, கட்டுகிற எல்லாருக்கும் அது வேண்டும். கோப்புகள் வரிசையாக இருக்கின்றனவா என்று பார்க்கும் செக் உங்கள் வீட்டு விவகாரம். சந்தேகம் வந்தால் அந்த இன்புட்டை வேரிலிருந்து நீக்கிவிட்டு நிக்ஸ் பில்ட் போட்டுப் பாருங்கள். பேக்கேஜ் கட்டி வந்தால் அது டெவ்.

யாரும் இன்புட்டாக எடுக்கப் போவதில்லை என்று உறுதியாகத் தெரிந்த ஃப்ளேக்குக்கு, உதாரணமாக உங்கள் சொந்தக் கணினியின் நிக்ஸ்ஓஎஸ் அமைப்புக்கு, இந்த வேலை தேவையில்லை. லேபிளைப் படிக்க வேறு ஆள் இல்லை.

மற்றவர் பிரிக்காமல் வைத்திருந்தால்

நீங்கள் எடுக்கும் ஃப்ளேக்கின் ஆசிரியர் பிரிக்கவில்லை என்றால், உங்கள் பக்கத்திலிருந்தே வெட்டலாம். அந்த இன்புட்டின் கீழே உள்ள டெவ் இன்புட்டுக்கு ஃபாலோஸ் எழுதி, மதிப்பாக வெற்று மேற்கோள் குறிகளைக் கொடுங்கள். அது உங்கள் வேர் ஃப்ளேக்கையே சுட்டும், லாக்கில் அந்தக் கிளை மறையும். யாரும் அதைத் தொடாதவரை எதுவும் உடையாது. பேக்கேஜைக் கட்ட உண்மையில் தேவையான இன்புட்டை வெட்டிவிட்டால் புரியாத பிழை வரும், அதனால் ஒவ்வொன்றாக வெட்டி, ஒவ்வொரு முறையும் கட்டிப் பாருங்கள்.

கடைசியாக, பிரிக்கும் நாளன்று எல்லாரும் முட்டிக்கொள்ளும் ஒன்று. கிட் ரெப்போவில் இருக்கும் ஃப்ளேக், கிட்டுக்குத் தெரிந்த கோப்புகளை மட்டுமே பார்க்கும். டெவ் கோப்புறையைப் புதிதாக உருவாக்கிவிட்டு கிட் ஆட் செய்யாவிட்டால், கண் முன்னால் இருக்கும் கோப்பையே இல்லை என்று நிக்ஸ் சாதிக்கும். கமிட் வரை போக வேண்டாம், ஆட் செய்தால் போதும். இன்னொன்றும் உண்டு: வேரில் போடும் நிக்ஸ் ஃப்ளேக் அப்டேட் டெவ் லாக்கைத் தொடாது. டெவ் கோப்புறைக்குள் போய் இன்னொரு முறை போட வேண்டும்.

‘மாற்றி’யை இப்படிப் பிரித்து மேலேற்றிய அன்று சாயங்காலம், தம்பி தன் பக்கம் புதுப்பித்தார். லாக்கின் மாற்றத்தைத் திறந்தால் திரை முழுக்கச் சிவப்பு வரிகள், உருட்ட உருட்ட வந்துகொண்டே இருந்தன. அடியில் பச்சையில் ஃப்ளேக்-பார்ட்ஸ் மட்டும் புதிதாக இருந்தது.

“இது யாருண்ணே?” என்றார். சொன்னேன். தலையாட்டிவிட்டு ஒப்புதல் பொத்தானை அழுத்தினார்.